தலைவர் இல்லாத வேளையில் புறப்பட்ட வண்டி

சாட்சியின் பெயர் ஸ்தான்கா கோரிஷெக். வயது ஐம்பத்தொன்று. கணவர் பெயர் ராய்கோ. தொழில் முடிதிருத்தும் கடை. வசிப்பிடம் கோர்னி லிப்னிக் கிராமம், பால் கூட்டுறவுக் கட்டடத்தை ஒட்டிய வீடு. உண்மையை மட்டுமே சொல்ல வேண்டும் என்றும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்றும் அறிவுறுத்தப்பட்ட பின், அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் வசித்து வருகிறேன். பிறந்தது கடற்கரைப் பக்கம். கல்யாணமாகி இந்த மலைக்கு வந்து, பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வேலைக்கும் போய்விட்டன, ஆனாலும் ஊரில் என்னை இன்னும் கடற்கரைக்காரி என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புச் சங்கத்தில் நான் உறுப்பினர். தீயை நான் அணைத்ததில்லை. தேர்தல் நடக்கும் பொதுக்குழுவில் கூட்டத்தை நடத்திக் கொடுப்பது மட்டும் என் வேலை. ஊரில் யாருக்கும் நான் ரத்த உறவு இல்லை, எல்லோரும் என்னிடம் தலையைக் கொடுக்கிறார்கள், கத்தரிக்கோல் வைத்திருப்பவளிடம் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு தடவையும் என்னையே உட்கார வைக்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம் என்று ஐயா சொன்னது நல்லதாகப் போயிற்று. இந்த விஷயத்தில் எனக்குத் தெரியாததுதான் அதிகம்.

எங்கள் சங்கத்தின் தலைவராக இருந்த விங்கோ ஒசோய்னிக் மீது உரோஷ் க்ராமரின் மனைவி பெத்ரா கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. தேர்தலில் தனக்கு எதிராக நின்ற ஆத்திரத்தில், விங்கோ வேண்டுமென்றே தீயணைப்பு வண்டியை உரோஷ் மேல் ஓட்டிக் காலை முறித்துவிட்டார் என்பது புகார். விங்கோ உரோஷுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தியவர். புகாரில் அது எழுதப்படவில்லை, அதனால் சொல்கிறேன்.

சம்பவம் நடந்தது சென்ற பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல். கூட்டம் தீயணைப்பு நிலையத்தின் பெரிய அறையில் நடந்தது. அந்த அறைக்கு இரண்டு கதவு. ஒன்று வண்டி நிற்கும் கூடத்துக்குப் போகும், மற்றது முற்றத்துக்குப் போகும். ஆண்கள் எல்லோரும் பித்தளைப் பொத்தான் வைத்த விழாச் சீருடையில் வந்திருந்தார்கள். இறந்துபோன உறுப்பினர்களுக்காக எழுந்து நின்றோம். அதன் பிறகு வரவு செலவு வாசிக்கப்பட்டது, யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு நான் பழைய நிர்வாகத்துக்கு நன்றி சொல்லி, அவர்களைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாமா என்று கேட்க, எல்லோரும் கை தூக்கினார்கள். விங்கோவும் தூக்கினார். அந்த நிமிடத்திலிருந்து புதியவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை சங்கத்துக்குத் தலைவர் கிடையாது. எங்கள் விதி அப்படி. வழக்கமாக இந்த இடைவெளி சூப் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

தேர்தல் எப்படி நடக்கும் என்று ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பதவிக்கு ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எழுந்து வெளியே போய்விட வேண்டும். கேட்டவுடனே சரி என்பவனை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள், பதவிக்கு அலைகிறான் என்பார்கள். அதன் பிறகு உள்ளே இருப்பவர்களில் ஒருவர் ஒரு கிளாஸ் ஒயினை எடுத்துக்கொண்டு வெளியே போய் மூன்றாம் முறை கேட்பார். காலிக் கிளாஸோடு திரும்பி வந்தால் அவருக்குச் சம்மதம் என்று அர்த்தம். கை தட்டுவோம், கை தூக்குவோம், சாப்பிடுவோம். விங்கோ இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் வெளியே போய், வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து, சங்கத்து மூத்தவர் லோய்ஸே கொண்டுவரும் கிளாஸுக்காகக் காத்திருப்பார். லோய்ஸே போன இலையுதிர் காலத்தில் இறந்துவிட்டார். அவருக்குப் பதில் யார் கிளாஸ் கொண்டு போவது என்று நாங்கள் ஒருவரும் பேசி வைக்கவில்லை. ஆளுக்கு ஆள் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம்.

அதன் பிறகு நான் தலைவர் பதவிக்குப் பெயர் சொல்லச் சொன்னேன். விங்கோவின் பெயர் வந்தது. அவர் சட்டையைச் சரி செய்துகொண்டு, "எனக்கு வயசாயிருச்சு, வேற ஆளைப் பாருங்க" என்றார். இதையே நான் வந்த வருடத்திலிருந்து சொல்கிறார். மறுபடி கேட்டேன், மறுபடி மறுத்தார், எழுந்து வண்டிக்கூடத்துக்குப் போனார். நடையில் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகுதான் தேனீ வளர்க்கிற தீனே, எதற்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன், உரோஷின் பெயரைச் சொன்னான். மேசைகளில் முள்கரண்டி எடுத்துவைக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. இரண்டாவது பெயர் என்பது எங்கள் சங்கத்தில் அதுவரை நடக்காத காரியம்.

உரோஷ் மரமில்லில் மேற்பார்வையாளன். பம்பு பழையது, குழாய் பழையது, பயிற்சி போதாது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. அவன் முகம் சிவந்து, "ஐயையோ, நானா, வேண்டாங்கக்கா" என்றான். மனதுக்குள் ஆசை இருந்தது எனக்குத் தெரியும், முந்தின நாள்தான் என் கடையில் முடி வெட்டிக்கொண்டு போனான், வழக்கமாக ஈஸ்டருக்கு மட்டும் வருகிறவன். மறுபடி கேட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவன் அல்லவா, அவனும் முறைப்படி மறுபடி மறுத்துவிட்டு, எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான்.

இப்போது ஐயா நிலைமையைப் பார்க்க வேண்டும். ஒருவர் வண்டிக்குள், ஒருவன் பனியில். இரண்டு பேரும் மூன்றாம் முறை கேட்பதற்கு ஆள் வரும் என்று காத்திருக்கிறார்கள். உள்ளே ஊரே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தால் எந்தக் கதவுக்குப் போகிறோம் என்று எல்லோரும் பார்ப்பார்கள். லோய்ஸே காலத்தில் போக வேண்டிய கதவு ஒன்றே ஒன்றுதான், அதனால் யார் போனாலும் ஒன்றுதான். இப்போது எழுந்து நடப்பதே ஓட்டுப் போடுவதாகிவிட்டது.

என் பக்கத்து மேசையில் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. தீனே, "நீ போயேன்டா" என்று தன் மச்சானிடம் சொன்னான்.

"நான் எதுக்குப் போறேன்? என் ஆப்பிள் தோட்டத்துக்கு விங்கோ நிலத்து வழியாத்தான் டிராக்டர் போகணும்."

"அப்ப விங்கோவையே போய்க் கூப்பிடு."

"கூப்பிட்டா பெத்ரா டீச்சர் என் மகளை வகுப்புல என்ன பண்ணுவாங்கன்னு உனக்கென்ன தெரியும். பேரைச் சொன்னவன் நீதானே, நீ போ."

"பேரைச் சொன்னது ஒரு பேச்சுக்குடா. அதுக்காக எழுந்து வேற போகணுமா?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சாஸேஜை வெட்டிக்கொண்டே, "என்னைப் பாக்காத. நான் வண்டி ஓட்டுறவன். ஆள் கூட்டிட்டு வர்றது என் வேலை இல்ல" என்றார். காகிதத்தில் எழுதிப் போடலாமே என்று நான் சொன்னேன். எல்லோர் கையெழுத்தும் எல்லோருக்கும் தெரியும் என்றார்கள். அதோடு, மறுத்துவிட்டுப் போனவருக்குச் சம்மதம் கேட்காமல் எப்படி ஓட்டுப் போடுவது என்றும் ஒருவர் கேட்டார். அதுவும் சரிதான். சாஸேஜும் புளித்த முட்டைக்கோஸும் ஏற்கெனவே பரிமாறிவிட்டிருந்தார்கள். மக்கள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இத்தனை பெரிய உடம்புகளுக்குள் இவ்வளவு சின்னப் பயம் இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தை மறைக்காமல் எழுதச் சொல்கிறேன்.

அதன் பிறகு நானே எழுந்தேன். கூட்டம் நடத்துகிறவள் பக்கம் சாயக்கூடாது என்பதால் இரண்டு கிளாஸில் ஒரே அளவு ஊற்றி, இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டு, கதவுகள் இருக்கும் சுவருக்குப் போய் நின்றேன். அங்கே போன பிறகுதான் எந்தக் கதவை முதலில் திறப்பது என்ற கேள்வி வந்தது. முதலில் கேட்கப்பட்டவர் முதலில் குடித்துவிடுவார், குடித்தால் சம்மதம், அப்புறம் இரண்டாவது ஆளிடம் நான் எதைக் கேட்பது? முதுகுக்குப் பின்னால் அறை முழுவதும் என்னையே பார்க்கிறது. சமையலறையில் மின்சார அடுப்புகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதில் ஃப்யூஸ் போய் விளக்குகள் அணைந்தன. அரையிருட்டில் யாரோ சிரித்தார்கள். அப்படியே எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அந்த நேரத்தில்தான் கூரை மேல் இருந்த அபாயச் சங்கு ஊதியது. அதற்குத் தனி பேட்டரி.

ஐயா, சங்கு ஊதினால் எங்கள் ஊர் ஆண்கள் யோசிக்காமல் ஓடுவார்கள், அதை நான் பெருமையாகவே சொல்வேன். அன்று எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் விழுந்தன, எழுந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். யார் சொன்னால் வண்டி புறப்படும் என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தீனேதான் சொன்னான், "அக்கா, பழசை விடுவிச்சாச்சு, புதுசு வரல. இப்ப சங்கத்துல பதவின்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்று. அவன் வாயிலிருந்து விளையாட்டு இல்லாமல் வந்த ஒரே வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

நான் வண்டிக்கூடத்துக் கதவை முழங்கையால் தள்ளித் திறந்தேன். கூடம் இருட்டாக இருந்தது. வண்டிக்குள் எரிந்த சின்ன விளக்கின் வெளிச்சத்தில், விங்கோ ஓட்டுநர் இருக்கையில் நேராக உட்கார்ந்திருந்தார். கையில் ஒயினோடு நான் வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. ஒரு கணம்தான். சங்கு ஊதுவது அவர் காதிலும் விழுந்துகொண்டுதான் இருந்தது, இருந்தும் மலர்ந்தது. அதை நான் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். வண்டியின் வயர்லெஸ்ஸில் மாவட்டத் தீயணைப்பு மையத்துப் பெண் பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "கோர்னி லிப்னிக், பதில் சொல்லுங்க. ஃப்ரான்ச்கா ம்லினார் வீட்டு வைக்கோல் கொட்டகையில தீ. யார் தலைமையில வர்றீங்க? பேர் சொல்லுங்க." ஃப்ரான்ச்கா புருஷன் இல்லாதவள், மேட்டுத் தெருவில் ஒரு பசுவோடு தனியாக இருக்கிறாள், கொட்டகையும் வீடும் ஒரே கூரை.

"விங்கோ அண்ணே, பதில் சொல்லுங்க!" என்று கத்தினேன்.

"நான் யாரும்மா சொல்றதுக்கு? என்னைத்தான் விடுவிச்சுட்டீங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே வழி தெரியாமல் கேட்டார்.

"வண்டியை எடுங்க முதல்ல!"

"யார் உத்தரவு?"

"என் உத்தரவு!"

அவர் என்னைப் பார்த்து, "சரிங்க தலைவரம்மா" என்று சொல்லிச் சாவியைத் திருகினார். கிண்டலாகச் சொன்னாரா மரியாதையாகச் சொன்னாரா என்று கேட்டால் தெரியாது. வண்டியை என் கணவரல்லவா ஓட்ட வேண்டும் என்று ஐயா கேட்டதற்குச் சொல்கிறேன், என் கணவர் குடித்திருந்தார், எல்லோரும் குடித்திருந்தார்கள். லைசென்ஸ் உள்ளவர்களில் குடிக்காதவர் விங்கோ மட்டும்தான். அவருக்கு வரவேண்டிய கிளாஸ் இன்னும் வரவில்லை.

அதன் பிறகு நான் இரண்டு கிளாஸையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வழியாக மறு கையை விட்டு வயர்லெஸ்ஸில் என் பெயரைச் சொன்னேன். "பதவி?" என்று அந்தப் பெண் கேட்டாள். முடிதிருத்துபவர் என்று சொல்லிவிட்டேன். பதற்றத்தில் வேறு எதுவும் வரவில்லை.

இனி சொல்வதுதான் ஐயாவுக்கு முக்கியம் என்று தெரியும், அதனால் மெதுவாகச் சொல்கிறேன். மின்சாரம் இல்லாததால் கூடத்தின் உருட்டுக் கதவு தானாகத் திறக்கவில்லை. உரோஷ் முற்றத்திலிருந்து ஓடிவந்து அதை வெளியிலிருந்து கையால் தூக்கினான். கதவு மேலே போகப் போக, கீழிருந்து பனி வெளிச்சம் உள்ளே அடித்தது. அந்த இருட்டில் இருந்தவர்களுக்குக் கண் கூசியது, எனக்கும் கூசியது. உரோஷ் இடது தூணை ஒட்டி, கதவைத் தோளில் தாங்கி நின்றான். உள்ளே பார்த்தான். கையில் கிளாஸோடு நான் விங்கோவின் ஜன்னலில் நிற்பதைப் பார்த்தான். தன்னைக் கேட்காமல் அவரைக் கேட்டுவிட்டார்கள் என்று அவன் நினைத்திருப்பான், வேறு எப்படி நினைப்பான். அப்போதும் கதவை விடவில்லை. விட்டிருந்தால் வண்டி மேல் விழுந்திருக்கும்.

நான் "போங்க, போங்க" என்று கத்தினேன். வண்டி நகர்ந்தது, நான் விலகிப் பின்பக்கமாகக் குதித்தேன், ஒயின் சிந்தி என் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பானது. "போ மாமா, போ" என்று ஒரு குரலும் கேட்டது. விங்கோவை மாமா என்று கூப்பிடுவது உரோஷ் ஒருவன்தான். வண்டி தூணருகே ஒரு மூச்சு நின்றது. பிறகு போய்விட்டது, ஆட்கள் பின்னால் ஓடி ஏறிக்கொண்டார்கள். உரோஷ் கதவை மேலே கொக்கியில் மாட்டிவிட்டு, பனியில் உட்கார்ந்தான். கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை, திரும்பிக் கிடந்தது.

அந்தக் குரல் வண்டி காலில் படுவதற்கு முன் வந்ததா, பட்ட பிறகு வந்ததா என்று ஐயா மறுபடி மறுபடி கேட்டீர்கள். முன்னால் என்றால் இது விபத்து. பின்னால் என்றால், காலைக் கொடுத்துவிட்டும் தீயை அணைக்கப் போ என்று அவன் அனுப்பியிருக்கிறான். குரலே இல்லை, நானாக நினைத்துக்கொண்டேன் என்றால் பெத்ரா சொல்வது சரியாகிவிடும். ராத்திரியெல்லாம் இதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வரிசை வரவில்லை. உரோஷுக்கும் ஒன்றும் நினைவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறான். கண்ணாடி வழியாக என்ன தெரிந்தது என்று சொல்லக்கூடிய ஆள் விங்கோ மட்டும்தான்.

அதன் பிறகு நான் உரோஷ் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பல் தந்தியடித்தது. ஒரு கிளாஸில் பாதி மிஞ்சியிருந்தது, அதைக் கொடுத்தேன், ஒரே மடக்கில் குடித்துவிட்டான். மற்றதில் மிஞ்சியதை நான் குடித்தேன். வண்டியில் இடம் கிடைக்காமல் நின்றுவிட்ட தீனே இதைப் பார்த்துவிட்டு, "கிளாஸ் காலி, அப்ப உரோஷ்தான் தலைவர்!" என்றான். உடனே என் கையிலிருந்ததையும் பார்த்து, "இல்ல, அதுவும் காலி" என்று குழம்பி நின்றான். அந்த வலியிலும் உரோஷ் சிரித்தான். ஆம்புலன்ஸ் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அதன் பிறகு நான் மேட்டுத் தெருவுக்கு நடந்து போனேன். கொட்டகை பாதி போய்விட்டிருந்தது, வீட்டுப் பக்கம் தீ வராமல் தடுத்துவிட்டார்கள். ஃப்ரான்ச்கா தன் பசுவைப் பக்கத்து வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் கட்டிவிட்டு, அதன் கழுத்தைத் தடவி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். விங்கோ விழாச் சீருடையோடு குழாய் முனையில் நின்றார். ஒரு தடவைகூட உத்தரவு போடவில்லை. "யாராவது அந்த வால்வைத் திறந்தா நல்லாருக்கும்" என்று ஆகாயத்தைப் பார்த்துச் சொன்னார், திறந்தார்கள். "ஏணியை இந்தப் பக்கம் வெச்சா என்னன்னு தோணுது" என்றார், வைத்தார்கள். பதவி இல்லாத மனிதர் பதவியைத் தொட்டுவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம். வீடு பிழைத்தது அவரால்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

தீ அடங்கிய பிறகு அவரிடம் போய், "அண்ணே, உரோஷுக்குக் கால் முறிஞ்சிருச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "எந்தக் கால்?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்தவர்களுக்கு அது கல்நெஞ்சாகப் பட்டது, பெத்ராவின் தம்பி காறித் துப்பினான். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. வீட்டுக்குப் போய்ச் சட்டையை ஊற வைக்கும்போதுதான் என் கணவர் சொன்னார், உரோஷ் சின்ன வயதில் பயிற்சி ஏணியிலிருந்து விழுந்து இடது காலை முறித்துக்கொண்டான், விங்கோதான் அவனைத் தூக்கிக்கொண்டு பனியில் பள்ளத்தாக்கு வரை இறங்கினார் என்று. இப்போது முறிந்ததும் இடதுதான். அங்கே மேட்டுத் தெருவில் இடது கால் என்று நான் பதில் சொன்னபோது விங்கோ ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிப் படியில் வைத்தார். குழாய்களைச் சுருட்டினார், வண்டியைக் கழுவினார். பிறகு சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார், ஏனென்றால் சங்கத்தில் பதவியில் இருந்தது நான்தான். சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது. கூட்டத்தை முடித்து வைக்க நான் மறந்துவிட்டேன். அதனால் அந்தக் கூட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா, சங்கத்துக்கு இன்றைக்கு யார் தலைவர் என்பதை ஐயாவால் சொல்ல முடிந்தால் எனக்கு நிம்மதி.

விங்கோ ஒசோய்னிக்கிடம் இன்று காலை விளக்கம் கேட்கப்பட்டது என்றும், தான் சொல்ல எதுவும் இல்லை என்று அவர் மறுத்துவிட்டார் என்றும், உரிமைகளை விளக்கி மறுபடி கேட்டபோதும் மறுத்துவிட்டார் என்றும், குற்றமில்லாதவர் ஏன் வாயைத் திறக்க மறுக்க வேண்டும் என்றும் ஐயா என்னிடம் கேட்டீர்கள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதன் பிறகு அழுகை வந்தது. இரண்டையும் ஐயா பார்த்தீர்கள். மறுபடி மறுத்த பிறகு அவர் வீட்டுக்குப் போய்விட்டாரா என்று நான் கேட்டேன். போகலாம் என்று சொல்லியும் போகாமல் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், பேருந்துக்குக் காத்திருக்கிறார் போலும் என்று ஐயா சொன்னீர்கள். எங்கள் ஊருக்குப் பேருந்து மதியமே போய்விட்டது. ஐயா, நீங்கள் கீழ்ப் பகுதியிலிருந்து மாற்றலாகி வந்தவர், உங்களுக்குத் தெரியாது, உங்கள் மேல் குற்றமில்லை. அந்த மனிதர் இதுவரை எதையும் மூன்றாம் முறைக்கு முன்னால் ஒப்புக்கொண்டதில்லை. அன்று நாங்கள் அவரைக் கேட்கவில்லை. அத்தனை பேர் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தோம், ஒருவருக்கும் எழுந்துபோக முதுகெலும்பு இல்லை. நீங்களாவது எழுந்து போங்கள். கையில் ஒயினோடு போக உங்கள் வேலை இடம் கொடுக்காது என்றால் ஒரு கிளாஸ் தண்ணீராவது கொண்டு போங்கள். அவரைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நான் பார்த்ததைப் பார்த்தபடியும், குழம்பியதைக் குழம்பியபடியும் சொல்லியிருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், என் பேச்சைவிட நேராக இருக்கிறது, ஆனால் பொய் எதுவும் இல்லை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஸ்தான்கா கோரிஷெக்

பதிவு செய்த அதிகாரியின் குறிப்பு: மேற்படி சாட்சி கையெழுத்திட்ட பின், நான் ஒரு கிளாஸ் தண்ணீருடன் நடைவழிக்குச் சென்று, பெஞ்சில் அமர்ந்திருந்த விங்கோ ஒசோய்னிக்கைப் பெயர் சொல்லி அழைத்து, நடந்ததைச் சொல்லுமாறு மூன்றாம் முறை கேட்டேன். அவர் எழுந்து நின்று, தண்ணீர் முழுவதையும் குடித்து, கிளாஸை என்னிடம் திருப்பிக் கொடுத்து, "அவன் கண்ணு என்னைத்தான் பாத்துச்சு தம்பி, போன்னு சொன்னான், போனேன். கால் அங்க இருந்தது தெரியாது" என்று சொல்லி அழுதார். அவருடைய வாக்குமூலம் தனியே பதிவு செய்யப்படுகிறது.